பரண் மேல ஒரு நாவல்

இந்த வருஷம் போகிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தங்கமணி பரண் மேல ஏறினாங்க. எனக்கு அப்பவே வயித்துல புளியக் கரைக்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்ல மத்த இடமெல்லாம் அவங்க ராஜ்ஜியம். பரண் மட்டும்தான் நம்மளது. செத்துப்போன மதர்போர்டு ரெண்டு, ஒரு டயல்-அப் மோடம், எந்தப் பொட்டிக்குப் பொருந்தும்னு எனக்கே மறந்துபோன பவர் அடாப்டருங்க, 2005ல உபுண்டுகாரங்க இலவசமா வீட்டுக்கே அனுப்பி வச்ச சிடி (உறை கூடக் கசங்கல)... இப்பிடி ஒரு மியூசியமே அங்க இருக்கு.

"ஏங்க, இது என்ன? செங்கல்லு மாதிரி கனக்குது. பழைய இரும்புக்குப் போட்டுடவா?"

கையில ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை. உள்ள என்னன்னு பாக்காமலே எனக்குத் தெரியும்.

"அய்யோ, அது என் நாவல்!"

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க. 2003ல ரிச்சி தெருவுல பார்ட் பார்ட்டா வாங்கிச் சேர்த்த பொட்டி. செலரான் ப்ராசசர், 128 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்ப அது பெரிய சொத்து. அதுல விண்டோஸ் 98 ஒரு பக்கம், ரெட் ஹேட் லினக்ஸ் 9 ஒரு பக்கம். கெத்துக்கு லினக்ஸ், தமிழுக்கு விண்டோஸ். ஏன்னா அன்னைக்கு என் லினக்ஸ்ல தமிழ் வந்தா கொம்பு ஒரு பக்கம் நிக்கும், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். விண்டோஸ் 98லயும் யூனிகோடு தமிழ் கிடையாது, அதுக்கு விண்டோஸ் 2000க்குப் போகணும். அதனால எ-கலப்பை போட்டு, திஸ்கி எழுத்துருவுல, அஞ்சல் முறையில 'அம்மா'வுக்கு ஏ எம் எம் ஏ ஏ-ன்னு அடிக்கிறது. அப்பிடி அடிச்சு அடிச்சு எழுதின நாவல்தான் அந்த மஞ்சப்பைக்குள்ள இருந்தது.

2006ல ஒரு நாள் காலைல பொட்டியப் போட்டா டிக்... டிக்... டிக். டிஸ்க்குக்குள்ள யாரோ உக்காந்து கதவத் தட்டுற மாதிரி. தலை போச்சுடான்னு முடிவு பண்ணிட்டேன். பாலிதீன் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வச்சா ஒரு தடவை ஓடும்னு அப்ப ஊரெல்லாம் ஒரு வைத்தியம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. அதையும் பண்ணினேன். (பண்ணாதீங்க. வெளில எடுத்ததும் உள்ள ஈரம் கோத்துக்கும்.) ஒரு டேட்டா ரெக்கவரி கம்பெனில விலை கேட்டேன். அவன் சொன்னதக் கேட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன். அன்னையிலேருந்து அது மஞ்சப்பை. அஞ்சு வாடகை வீடு மாறினப்பவும் கூடவே வந்துச்சு.

அந்த டிஸ்க்கால எனக்கு ஒரு பெரிய லாபம் இருந்துச்சு. யாராவது, "நீ கதையெல்லாம் எழுதுவியே, இப்ப எழுதுறதில்லையா?"ன்னு கேட்டா, "அதையேன் கேக்குற... நாவல் ஒண்ணு, முந்நூறு பக்கம், க்ராஷ் ஆயிடுச்சு"ன்னு சொல்லுவேன். கேக்குறவங்க முகத்தச் சுருக்கி "ச்சு ச்சு"ம்பாங்க. எழுதி முடிச்சவனுக்குக் கூட அவ்வளவு மரியாதை கெடைச்சிருக்காது. இந்தக் கதைய எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தங்கமணிகிட்ட சொல்லியிருக்கேன். அவங்களும் அன்னைக்கு ச்சு ச்சுன்னாங்க.

இப்ப பரண் மேல இருந்தபடியே சொன்னாங்க: "நீங்கதான் பெரிய லினக்ஸ் புலியாச்சே. எடுத்துக் காட்டுங்க. நானும் படிக்கணும்ல?"

மாட்டினேன்.

ஐடிஇ டிஸ்க்க யூஎஸ்பில மாட்டுற அடாப்டர் ஒண்ணு ஆர்டர் போட்டேன். நாப்பது பின் கேபிள், கூடவே 12 வோல்ட்டுக்குத் தனி பவர் செங்கல். இத வாங்குறவங்க பவர் செங்கலோட வர்றதாப் பாத்து வாங்குங்க. பழைய மூணரை இஞ்ச் டிஸ்க்குக்கு யூஎஸ்பி குடுக்குற அஞ்சு வோல்ட் பத்தாது, மோட்டார் சுத்துறது பன்னண்டுல.

மாட்டினேன். ஸ்விட்சப் போட்டேன். ஊய்ய்ய்ங்ங்னு ஒரு சத்தம்.

டிக் டிக் இல்ல. நல்லா, சீரா, மாவு மில்லு மாதிரி சுத்துது.

ஆனா டெபியன்ல டிஸ்க் தெரியல. அரை மணி நேரம் கேபிளத் திருப்பித் திருப்பி மாட்டிட்டு அப்பறம்தான் மண்டைல உறைச்சது, ஜம்பர்! அந்தக் காலத்துல சிடி ட்ரைவோட ஒரே கேபிள்ல தொங்க விட்டதால இத ஸ்லேவ்ல போட்டிருந்திருக்கேன். தங்கமணியோட புருவம் எடுக்குற பிளக்கரத் திருடி அந்தக் குட்டி ஜம்பர மாஸ்டருக்கு மாத்தினேன். தெரிஞ்சிடுச்சு. மூணு பார்ட்டிஷன், கணக்கா 40 ஜிபி.

சந்தோஷப்பட்டிருக்கணும். எனக்கு வேற ஒண்ணு ஓடிச்சு. அப்ப 2006ல டிக் டிக்னு அடிச்சது என்ன? டிஸ்க் இல்ல, எஸ்எம்பிஎஸ்! 12 வோல்ட் லைன் தொங்கிப்போனா மோட்டார் சுத்தப் பாக்கும், வேகம் பத்தாது, நிக்கும், திரும்பச் சுத்தும். தலை ஒவ்வொரு தடவையும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பும். அதே மாசம் அந்த மதர்போர்டும் செத்துச்சு, எஸ்எம்பிஎஸ் மாத்தினேன். ரெண்டையும் ரெண்டும் நாலுன்னு கூட்டத் தெரியாத ஆளா நான்? பக்கத்து ரூம் பையன்கிட்ட நல்ல பொட்டி ஒண்ணு இருந்துச்சு. ஒரே ஒரு தடவை அதுல மாட்டிப் பாத்திருந்தா போதும். மாட்டல. தங்கமணிகிட்ட இத நான் சொல்லல.

இனிமே டிஸ்க்க நேரா மவுண்ட் பண்ணி நோண்டுறது முட்டாள்தனம். இருபது வருஷம் தூங்கினது எப்ப மண்டையப் போடும்னு தெரியாது. மொதல்ல முழுசா ஒரு நகல் எடுத்துட்டு, அப்பறம் நகலத்தான் நோண்டணும். அதுக்கு க்னூ டிடிரெஸ்க்யூ. (டெபியன்ல பொதியோட பேரு முன்னாடி ஒரு 'ஜி' சேர்த்து இருக்கும். அந்த 'ஜி' இல்லாத பேர்ல ஒண்ணு இருக்கு, அது வேற ஆளு. நான் ரெண்டு தடவை தப்பா இன்ஸ்டால் பண்ணியிருக்கேன்.)

டிடிரெஸ்க்யூவோட அழகு என்னன்னா, அது நம்ம பள்ளிக்கூட வாத்தியார் பரிச்சைக்கு முன்னாடி சொல்ற புத்திமதியக் கேட்டு நடக்கும். தெரிஞ்ச கேள்விய மொதல்ல எழுது, தெரியாததுல உக்காந்து நேரத்தப் போக்காத. சாதா 'டிடி' கெட்ட இடம் வந்தா அங்கயே முக்கும், இல்ல நின்னுடும். இது தாண்டிப் போயிடும். நல்லா இருக்குற பகுதியெல்லாம் மொதச் சுத்துல அள்ளிடும். அப்பறம் கெட்ட பகுதியோட ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கும். அப்பறம் மிச்சத்த ஒவ்வொரு செக்டரா சுரண்டும். கடைசியா, நாம சொன்னா, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். என்னென்ன பண்ணினோம்னு மேப்னு ஒரு ஃபைல்ல எழுதிட்டே வரும். கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம்.

முக்கால்வாசி டிஸ்க் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுச்சு. மிச்சத்துக்கு ராத்திரி பூரா. காலைல பாத்தா ஒரு சில கிலோபைட்டத் தவிர எல்லாம் நகல்ல இருக்கு. நான் தூங்காத கண்ணோட காப்பி போட்டுட்டு இருந்தேன்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவா வச்சிருந்த ஃபேட்32 பார்ட்டிஷன்தான் நமக்கு வேணும். அது மவுண்ட் ஆகல, பூட் செக்டர் அடி வாங்கியிருக்கு. நல்லவேளை, ஃபேட்32 அதோட பூட் செக்டருக்கு ஆறாவது செக்டர்ல ஒரு நகல் வச்சிருக்கும். டெஸ்ட்டிஸ்க்ல போய் அந்த நகல எடுத்து முன்னாடி போட்டேன். திறந்துடுச்சு. பழைய வீட்டுக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. ஃபோல்டர் பேரெல்லாம் நானே வச்சதுதான்னு நம்பவே முடியல. இளையராஜா, இளையராஜா-2, முக்கியம், மிக முக்கியம், புதிய ஃபோல்டர் (4).

அதுக்குள்ள 'நாவல்'.

தங்கமணியக் கூப்பிட்டேன். நாக்காலி இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. உள்ள பதினோரு ஃபைல். அத்தியாயம் 1, அத்தியாயம் 1 புதுசு, அத்தியாயம் 1 கடைசி, அத்தியாயம் 1 கடைசி நெஜம்மா, அத்தியாயம் 2, தலைப்புகள், பாத்திரங்கள், முன்னுரை, நன்றி, இப்பிடி. முன்னுரையும் நன்றியும் முழுசா இருந்துச்சு. நாவலத்தான் காணோம்.

வார்த்தைகள எண்ணுற கட்டளையக் குடுத்தேன். எல்லா ஃபைலும் சேர்த்து 2,914.

"அது எத்தன பக்கம்ங்க?"

"பத்து... பதினொண்ணு வரும்."

தங்கமணி சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு, "அந்த நன்றில யாரு பேரெல்லாம் இருக்குன்னு படிங்க"ன்னாங்க.

சத்தியமாச் சொல்றேன், முந்நூறு பக்கம்னு நான் பொய் சொல்லல. எனக்கு முந்நூறு பக்கமும் ஞாபகம் இருந்துச்சு. கதாநாயகன் கடல் ஓரமா நடந்து போற கடைசிக் காட்சி, அந்த வாக்கியத்தோட தாளம் கூட ஞாபகம் இருந்துச்சு. எழுதவே இல்ல, அவ்வளவுதான். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சதெல்லாம் எழுதினதாச் சேர்ந்துடுச்சு போல.

படிக்கலாம்னா எழுத்து தெரியல. தொப்பி வச்ச ஆங்கில எழுத்து, பவுண்டு குறி, தலைகீழ் கேள்விக்குறி. திஸ்கி அப்பிடித்தான் தெரியும். (திஸ்கிய டிஸ்கின்னும் சொல்லுவோம். கட்டுரைக்கு அடில அடி விழாம இருக்கப் போடுறோமே, அந்த டிஸ்கி இல்ல.) புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 கட்டம். மொத 128 கட்டம் ஆங்கிலத்துக்கு, மிச்சத்துல தமிழ அடைச்சு வச்சது திஸ்கி. மதுரைத் திட்டத்து நூல்களெல்லாம் ரொம்ப நாள் அதுலதான் கெடைச்சுது. அதுல எழுத்த கண்ணால பாக்குற வரிசையிலேயே அடுக்குவோம். 'கொ'ன்னா மொதல்ல கொம்பு, அப்பறம் க, அப்பறம் கால். யூனிகோடுல மொதல்ல க, அப்பறம்தான் ஒகரக் குறி. அதனால இந்த எழுத்துக்கு அந்த எழுத்துன்னு சும்மா மாத்தி வச்சா வேலைக்காகாது. கொம்ப கையில பிடிச்சுக்கிட்டு அடுத்த எழுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

இதுக்கு ஒரு பைத்தான் நிரல் எழுதணுமேன்னு உக்காந்தேன். அப்பறம் சும்மா ஐகான்வ் கட்டளைகிட்ட உனக்கு என்னென்ன குறியேற்றம் தெரியும்னு கேட்டேன். நீளமா ஒரு பட்டியல் கொட்டிச்சு. நடுவுல இருக்கு திஸ்கி! லினக்ஸ் ஓடுற க்னூ சி நூலகத்துலயே 2002லேருந்து இருக்காம். நான் இந்த நாவல எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யாரோ ஒரு புண்ணியவான் இத மாத்துறதுக்கு வழி பண்ணி என் பொட்டிக்குள்ளயே வச்சிருந்திருக்காரு. ஒரே ஒரு வரிக் கட்டளை. எல்லா ஃபைலும் தமிழாச்சு.

அத்தியாயம் 1 கடைசி நெஜம்மா இப்பிடி ஆரம்பிக்குது: "மழை பெய்தது. அவன் நனைந்தான். நனைந்தது அவன் மட்டுமல்ல, காலமும்."

தங்கமணி எழுந்து தோசை ஊத்தப் போயிட்டாங்க.

நானும் மூடிட்டுப் போயிருப்பேன். அந்த நாவல் ஃபோல்டருக்குப் பக்கத்துல 'டெஸ்ட்'னு ஒரு ஃபோல்டர். எ-கலப்பைய இன்ஸ்டால் பண்ணி, சரியா வேலை செய்யுதான்னு அடிச்சுப் பாத்த ஃபைலுங்க. டெஸ்ட்1ல ஆத்திசூடி. டெஸ்ட்2ல ழ ழ ழ ள ல ண ன. டெஸ்ட்3 மட்டும் 11 கிலோபைட். சோதனை ஃபைல் இவ்வளவு பெருசா எதுக்குன்னு தொறந்தேன்.

ஆச்சி.

அப்பாவோட அம்மா. 2004ல கண்புரை ஆபரேஷனுக்கு சென்னைக்கு வந்து என் சைதாப்பேட்டை வீட்ல பன்னண்டு நாள் இருந்தா. ஒரு கண்ணுல கட்டு, டிவி பாக்கக்கூடாது, குனியக்கூடாது, அடுப்பாங்கரைக்குப் போகக்கூடாது. எம்பது வயசு வரைக்கும் சும்மா இருக்காத பொம்பள. பேசிட்டே இருந்தா. நானும் சும்மாதான் இருந்தேன். பேசுற வேகத்துக்கு அஞ்சல் முறைல அடிக்க முடியுதான்னு பாக்கலாமேன்னு அவ சொல்றத அப்பிடியே அடிச்சிருக்கேன். எல்லாத்தையும். "ஏல, நீ கேக்கியா, பொட்டியப் பாக்கியா?"ன்னு அவ என்னைத் திட்டினது கூட அடிச்சபடி இருக்கு. 2008ல ஆச்சி போயிட்டா. இப்பிடி ஒரு ஃபைல் இருக்குறது இந்த இருபது வருஷத்துல ஒரு தடவை கூட எனக்கு ஞாபகம் வரல. எழுதாத முந்நூறு பக்கம் ஞாபகம் இருந்துச்சு.

அந்தக் கெணத்துக் கதை இது. எழுத்துப் பிழைய மட்டும் திருத்தியிருக்கேன்.

"எனக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம். அந்த வீட்டுக் கெணத்துல தண்ணி உப்பு, வாயில வைக்க ஏலாது. குடிதண்ணிக்கு ஒரு மைலு. காலையில ரெண்டு நடை, சாயந்தரம் ரெண்டு நடை. தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. எங்க மாமா பாத்துட்டே இருந்தாவ. ஒரு நா, தேங்காய உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பாக்குதவனக் கூட்டிட்டு வந்தாவ. வேப்பமரத்துக்கிட்ட தேங்கா நிமிந்து நின்னுது. அங்கன தோண்டுனோம். முப்பதடியில பாறை. வெடி வச்சாவ. நாப்பதடி, இன்னும் பாறை. கெணறு வெட்டுதவனுக்குக் கூலி குடுக்கப் பணம் இல்ல. நாளையிலேருந்து வரமாட்டோம்னு போயிட்டானுவ. அன்னைக்கு ராத்திரி எங்க மாமா திண்ணையில இருந்தாவ. வெளக்கு ஏத்தல. நான் கஞ்சி கொண்டு போய் வச்சேன். குடிக்கல. அப்பந்தான் நான்ாவ. நாலாம் நாளு விடியக்காலம் தண்ணி பீறிட்டுட்டு. எளநி கணக்கா இருந்துது. மொதக் கொடம் நான்தான் எறச்சேன். காது லேசா இருந்துது."

ஆச்சியோட காது மடல் தோள் வரைக்கும் தொங்கும். வெறும் காது. பாம்படம் போட்டு வளத்த காது அது, ஆனா பாம்படத்த நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுல "ஆச்சி, உன் பாம்படம் எங்க?"ன்னு கேட்டா, "கெணத்துல போட்டுட்டேன்லே"ம்பா. நான் அத நம்பி, முகம் பாக்குற கண்ணாடிய எடுத்துட்டுப் போய், வெயில கெணத்துக்குள்ள அடிச்சு, தங்கம் மின்னுதான்னு தேடியிருக்கேன். லீவுக்குப் போனா அதான் வேலை.

அந்த "நான்ாவ" என்னன்னு மொதல்ல புரியல. அவசரத்துல ஒளறி அடிச்சிருப்பேன்னு நெனைச்சேன். காலுக்கு முன்னாடி எழுத்தே இல்ல, புள்ளி வட்டம் ஒண்ணு நிக்குது. சந்தேகம் வந்து ஹெக்ஸ்டம்ப்ல பாத்தேன். 'நான்' முடிஞ்சதும் ஒரு வரி முழுக்க சைபர், அடுத்த வரில ஒரு நட்சத்திரக் குறி. ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வந்தா அது அப்பிடித்தான் சுருக்கிக் காட்டும். ஆரம்பத்தையும் முடிவையும் கழிச்சேன். சரியா 512 பைட்.

ஒரு செக்டர்.

படிக்க முடியாத இடத்த டிடிரெஸ்க்யூ அப்பிடியே விட்டுடும், நகல்ல அந்த இடம் சைபரா இருக்கும். எந்தெந்த ஃபைல்ல ஓட்டைன்னு கண்டுபிடிக்க அதுலயே ஒரு வழி இருக்கு. கெட்ட செக்டர்ல எல்லாம் நாம குடுக்குற ஒரு வார்த்தைய ரொப்பச் சொல்லலாம், அப்பறம் அந்த வார்த்தைய கிரெப் போட்டுத் தேடலாம். நகலுக்கு ஒரு நகல் எடுத்து அதுல 'ஓட்டை'ன்னு ரொப்பித் தேடினேன். மாட்டினது மூணே மூணு ஃபைல். ஒரு பாட்டு, விண்டோஸ் 98ஓட ஏதோ ஒரு டிஎல்எல், அப்பறம் டெஸ்ட்3. நாப்பது ஜிபில அந்தப் பாழாப்போன செக்டருக்கு உக்காற வேற இடமே கெடைக்கல.

512 பைட்னா திஸ்கில ஒரு அறுபது வார்த்தை வரும். திண்ணைல இருட்டுல உக்காந்திருந்த மாமனார்கிட்ட ஆச்சி என்ன சொன்னா, அவரு என்ன சொன்னாரு, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. நான் நேர்ல கேட்டவன்யா! அவ என் முன்னாடி உக்காந்து சொன்னா, நான்தான் அடிச்சேன். ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. அந்த ஃபைல்ல கொஞ்சம் கீழ ஒரு வரி இருக்கு: "ஆச்சி மெதுவா சொல்லு ழ வரமாட்டேங்குது". அது நான் சொன்னது. அதையும் அடிச்சு வச்சிருக்கேன்.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாங்க. "பாம்படமா? அத உங்க பாட்டன் வீட்ல கழட்டி வாங்கிட்டாவ. புதுசா வந்த பொண்ணு, என்ன செய்யும்? வருசம் பூரா சொல்லிச் சொல்லி அழுவா."

அத்தைக்குப் போட்டேன். "யாரு சொன்னா? எங்கம்மையா அவளாத்தான் கழட்டி மடியில போட்டா. எங்க தாத்தா வேண்டாம் வேண்டாம்னு அழுதாவளாம்."

மருமக ஒண்ணு சொல்றா, மக ஒண்ணு சொல்றா. ரெண்டு பேரும் ஆச்சி வாயால கேட்டதுதான்னு அடிச்சுச் சொல்றாங்க. அப்பாகிட்ட கேட்டேன். "தண்ணி நல்ல தண்ணி, அது வரைக்கும் தெரியும்"னுட்டாரு.

என்கிட்ட இருக்குற ஒரே சாட்சி அந்த 'ாவ'. யாரோ மரியாதைப்பட்டவங்க ஏதோ செஞ்சாவ. அந்தக் காலுக்கு முன்னாடி எந்த எழுத்து இருந்திருக்கும்? 'வாங்கிட்டாவ'ன்னா ட. 'அழுதாவ'ன்னா த. ஒரே ஒரு பைட் இன்னும் கெடைச்சா போதும், எனக்கு விஷயம் தெரிஞ்சிடும். ஆனா டிஸ்க் அப்பிடிக் குடுக்காது. ஒவ்வொரு செக்டருக்கும் பிழை திருத்துற குறிப்பு ஒண்ணு கூடவே எழுதியிருக்கும். கொஞ்சம் கெட்டுப்போயிருந்தா அத வச்சுச் சரி பண்ணிக் குடுக்கும். அதுக்கும் மேல கெட்டா, படிக்க முடியலைன்னு ஒரே வார்த்தைல கையை விரிச்சிடும். குடுத்தா 512ம் குடுக்கும், இல்லாட்டி ஒண்ணும் கிடையாது.

அந்த ஒரு செக்டருக்காக மூணு ராத்திரி ஓட்டியிருக்கேன். முன்பக்கமா, அப்பறம் பின்பக்கத்துலேருந்து (தலை வேற திசைலேருந்து வந்தா சில சமயம் கொஞ்சம் தள்ளி உக்காரும், படிச்சிடும்). டிஸ்க்கச் சாய்ச்சு வச்சு, கவுத்து வச்சு, ஆறப்போட்டு, டேபிள் ஃபேனுக்கு முன்னாடி வச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி அந்தப் பாட்டுல இருந்த ஓட்டை அடைஞ்சிடுச்சு. பாட்டு இப்ப முழுசாப் பாடுது. எனக்கு எதுக்கு அது?

நடுவுல ஒரு கூத்து பண்ணினேன். நாமதான் எழுத்தாளராச்சே, நாமளே அத ரொப்பினா என்னன்னு தோணிச்சு. ஆச்சி மொழிதான் நல்லாத் தெரியுமே. உக்காந்து எழுதினேன். திண்ணை, இருட்டு, மருமக காதுலேருந்து கழட்டுற சத்தம், "மாமா, தண்ணி வந்தா இதவிடப் பெரிய நகை எனக்கு எதுக்கு"ன்னு ஒரு வசனம். எண்ணிப் பாத்தேன், திஸ்கில 509 பைட். மூணு ஸ்பேஸ் சேர்த்தா கச்சிதமா உக்காந்துடும்! தங்கமணிகிட்ட ஆச்சி கதைய மொதல்லேருந்து படிச்சுக் காட்டினேன், எது என்னோடதுன்னு சொல்லாம. தோசைத் திருப்பியோட நின்னு கேட்டாங்க. அந்த இடம் வந்ததும், "இரு இரு, இங்க மட்டும் அந்த மழைல நனைஞ்சவன் வந்துட்டான்"னாங்க.

அழிச்சிட்டேன்.

அம்மா சொன்னதத் தனி ஃபைலாவும், அத்தை சொன்னதத் தனி ஃபைலாவும், யூனிகோடுல, டெஸ்ட்3க்குப் பக்கத்துல போட்டு வச்சிருக்கேன். அடுத்த மாசம் ஊருக்குப் போறப்ப ரெண்டு பேரையும் உக்கார வச்சு போன்ல பதிவு பண்ணணும். ஒரே அறைல வேண்டாம், தனித்தனியா. மூணு பேர் பொட்டிலயும் ஒவ்வொரு நகல் போட்டாச்சு.

மேப் ஃபைல்ல, எடுத்தாச்சுன்னா ப்ளஸ் குறி, முடியலைன்னா மைனஸ். இப்ப அதுல ரெண்டே ரெண்டு மைனஸ் இருக்கு. ஒண்ணு டிஎல்எல், அது கெடக்கு. இன்னைக்கு ராத்திரி இன்னொண்ணுக்குத் திரும்ப ஓட விட்டிருக்கேன், அந்த ஒரு செக்டருக்கு மட்டும், பின்பக்கத்துலேருந்து. ஊய்ய்ய்ங்னு சுத்திட்டு இருக்கு. சத்தத்துல தூக்கம் வரலைன்னு தங்கமணி சொல்லல.